கச்சேரிக்கு முன் ஒரு மணி நேரம்: குமரி மாவட்டத் திருவிழாக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருவிழாக் கமிட்டித் தலைவர்கள், செயலாளர்கள், ஊர்ப் பெரியோர் அனைவருக்கும்,

வணக்கம்.

சமீபத்துத் திருவிழாக் கச்சேரியில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எந்த ஊர், எந்த மேடை என்று இங்கே எழுதவில்லை. ஒரு ஊரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மாவட்டத்தில் பல மேடைகளில் இதே கதைதான்.

நோட்டீஸில் ஏழு மணிக் கச்சேரி. சமய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்து முடித்து, மேடை கைக்கு வந்தபோது ஏழேகால். ஜமுக்காளம் விரித்து, மைக் ஸ்டாண்டுகளை நட்டு, பாடகர் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே அறிமுக உரை தொடங்கிவிட்டது. அது முடிந்த கையோடு கச்சேரியின் முதல் உருப்படியான வர்ணம். பல்லவி ஒரு சுற்று வருவதற்குள் மைக் விசிலடித்தது. மைக்செட்காரர் குறைத்தார், பாட்டு காணாமல் போனது. கூட்டினார், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி மட்டும் மண்டபம் முழுக்க உருண்டது. பாடகரின் வலது கை தாளத்தில் இருக்கிறது. இடது கையை உயர்த்தி, கலைஞர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்பதற்காக எதிரே வைத்திருந்த மானிட்டர் ஸ்பீக்கரைக் காட்டி, 'கூட்டுங்கள்' என்றார். வயலின்காரருக்கு இரண்டு கையும் வேலையில் இருப்பதால் வில் நுனியால் காட்டினார். மிருதங்கக்காரர் தீர்மானம் என்ற முடிப்பை வாசித்து முடித்த கையோடு, ஒன்றும் கேட்கவில்லை என்று தலையசைத்தார். மைக்செட்காரரோ மேடைக்குப் பின்னால், திரைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருக்கிறார். மூன்று சைகைகளில் ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை. அவரைக் கூப்பிட ஒரு பையன் மேடையில் குறுக்கே ஓடினான். அதற்குள் வர்ணம் முடிந்து, அடுத்த கீர்த்தனையும் பாதி போயிருந்தது.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. கச்சேரி நடக்கும் நாளில் ஒரு மணி நேரம் மேடையைக் கலைஞர்களுக்கும் மைக்செட்காரருக்கும் மட்டும் விட்டுக்கொடுங்கள். கூட்டம் வருவதற்கு முன்னால், அறிவிப்புகள் ஏதும் இல்லாமல், ஒலிச் சோதனைக்கென்றே ஒரு மணி நேரம்.

வர்ணம்தானே, போனால் போகட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரு ராகத்தின் பிடிகள் அத்தனையும் கட்டிவைத்த உருப்படி அது. அட தாள வர்ணம் என்றால் ஆவர்த்தனத்துக்குப் 14 அட்சரம். முதல் காலத்தில் நிதானமாகப் பாடி, இரண்டாம் காலத்தில் இரட்டித்து வரும்போது குரல் திறக்கிறது, வயலின் குரலோடு ஒட்டுகிறது, மிருதங்கம் அன்றைய காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் காதால் கண்டுகொள்ளும் இடம் அது. அந்த நேரத்தில் அவர்களுக்கு ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்கவில்லை என்றால், பிறகு இரண்டரை மணி நேரமும் தட்டுத் தடுமாறித்தான் போகும். தன் சுருதியே காதில் விழாத பாடகர் குரலை அழுத்திப் பாடுவார், சுருதி ஏறும், தொண்டை கட்டும். தன் சொல் தனக்கே கேட்காத மிருதங்கக்காரர் ஓங்கி வாசிப்பார். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் சுருதி இறங்கிவிடும். அப்புறம் பாட்டுக்கு நடுவில் கல்லை எடுத்துத் தட்டிச் சேர்க்க வேண்டியதுதான். கரையோர ஈரக்காற்றுக்கே நம் ஊரில் தோல் வாத்தியம் ஒரு இடத்தில் நிற்காது. இரண்டு பருவ மழையும் பெய்கிற மாவட்டம் இது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்ற கேள்வி கமிட்டியில் எழும். அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் மிக்சரை மேடைக்குப் பின்னாலிருந்து எடுத்து, மண்டபத்தில் மக்கள் உட்காரும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில், மேடையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருந்தால் நல்லது. மக்கள் கேட்பதை மைக்செட்காரரும் கேட்டால்தான் அவரால் எதையும் சரிசெய்ய முடியும். பாதிப் பிரச்சினை இந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்துவிடும். ஆகும் செலவு கேபிள் நீளம் மட்டும்தான்.

அடுத்தது மைக் வைக்கும் இடம். பாடகருக்கு வாயிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, சற்றுக் கீழே. மானிட்டர் ஸ்பீக்கர் அந்த மைக்கின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். மேடைகளில் வழக்கமாகப் புழங்கும் கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம்தான் காது மந்தம். பக்கவாட்டில் மானிட்டரை வைத்துவிட்டு விசிலடிக்கிறது என்று திருகினால் பயனில்லை. வயலினுக்கு எஃப் துளைகளுக்கு மேலே ஒரு அடி உயரத்தில் தொங்கலாக ஒரு மைக். குதிரையில் ஒட்டும் பிக்கப் மட்டும் போட்டால் தகரச் சத்தம்தான் வரும். மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, இரண்டும் ஒரு ஜாண் தள்ளி. தொப்பி மைக்கில் பேஸைக் கூட்டாதீர்கள். சினிமாப் பாட்டுக் கானமேளாவின் டிரம்ஸுக்கு வைத்த அமைப்பை அப்படியே விட்டுவிடுவதால்தான் தொப்பி வெடிக்கிறது, வயலின் மூழ்குகிறது. கடத்துக்கோ கஞ்சிராவுக்கோ ஒன்று. தம்புராவுக்கு அல்லது சுருதிப் பெட்டிக்கு ஒன்று. இதை மட்டும் தவறவிடுவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. இதற்கு மேல் மைக் வேண்டாம். திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால், விசிலடிக்காமல் கூட்டக்கூடிய அளவு 3 டெசிபல் குறைந்துவிடும். பேச்சாளர் மைக்கைக் கச்சேரி முழுக்கத் திறந்தே வைத்திருப்பது எவ்வளவு கெடுதல் என்பதை இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

எக்கோவைச் சுத்தமாக அணைத்துவிட வேண்டும். நம் கல்மண்டபங்களில் எதிரொலி ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் மெஷின் எக்கோவும் சேர்ந்தால் கமகங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கலங்கிவிடும். கல்மண்டபத்தில் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரைதான் பெரும்பாலும் குமுறும். அதைக் கொஞ்சம் குறைத்தாலே சாகித்யம் புரியத் தொடங்கும். குரலின் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும்போது கவனம் தேவை. ஒரு கட்டை சுருதியில் பாடுபவரின் ஆதார சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே வரும் மந்திர பஞ்சமம் சுமார் 98. பேச்சுக்குச் செய்வது போல் 150க்குக் கீழே வெட்டினால் மந்திரத்தில் அவர் செய்யும் வேலைக்குக் கனமே இருக்காது.

பிறகு வரிசை. சுருதி மட்டும் ஒரு நிமிடம். குரல் தனியாக, தாழ்வாக ஒரு விருத்தம், மேல் ஸ்தாயியில் ஒரு சங்கதி. வயலின் தனியாக. வலந்தலை, தொப்பி, உபபக்கவாத்தியம் ஒவ்வொன்றாக. கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பல்லவியும் கொஞ்சம் ஸ்வரமும். மானிட்டரில் யாருக்கு எது வேண்டும் என்று கலைஞர்களையே கேளுங்கள். பாடகருக்குச் சுருதியும் வயலினும் வேண்டியிருக்கும். மிருதங்கக்காரருக்குக் குரல் வேண்டியிருக்கும். எல்லாம் அமைந்தபின் மிக்சரின் ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். டிஜிட்டல் மிக்சர் என்றால் சேமித்துவிடலாம். அதற்குப் பிறகு யார் சொன்னாலும், கமிட்டித் தலைவரே சொன்னாலும், 'இன்னும் கொஞ்சம் சத்தம்' என்று ஏற்றக் கூடாது.

நேற்று வைத்தது இன்றைக்கும் போதுமே என்றால், போதாது. ஆண்குரலுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கம் வருகிறது, 24 அங்குல நீளம். பெண்குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை. அதற்கு வருவது உயர்ந்த சுருதிக்கான 22 அங்குல ஹெச்சு மிருதங்கம். தொப்பியின் நாதமே வேறு. ஆகவே ஒவ்வொரு கச்சேரிக்கும் அந்த ஒரு மணி நேரம் வேண்டும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். சீரியல் செட் விளக்குகளும் மைக்செட்டும் ஒரே லைனில் இருந்தால் இரைச்சல் வரும். மைக்செட்டுக்குத் தனி லைனும் சரியான எர்த்தும் கொடுங்கள். கரண்ட் ஒயரோடு மைக் ஒயரைச் சேர்த்துக் கட்டாதீர்கள், குறுக்கே போனால் பரவாயில்லை. மின்விசிறி மைக்கின் முகத்தில் அடிக்க வேண்டாம், மிருதங்கத்தின் மேலும் வேண்டாம். தொப்பியில் ஒட்டிய ரவை காய்ந்து உதிர்ந்துவிடும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மதியம் இருக்கிறது. மூன்றரைக்கோ நாலுக்கோ கலைஞர்கள் வந்து சோதனையை முடித்துவிட்டால், மைக்குகளை அதே இடத்தில் விட்டுவிட்டு, ஜமுக்காளத்தில் ஸ்டாண்டு நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து வைக்கலாம். சொற்பொழிவும் பரிசளிப்பும் மேடையின் ஓரத்தில் தனி மைக்கில் நடக்கட்டும். அதனால் பேச்சு கால் மணி நேரம் நீண்டாலும் கச்சேரி கெடாது. ஒப்பந்தம் பேசும்போதே கலைஞர்களிடம் சோதனை நேரத்தையும் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் வரச் சொன்னதற்காக எந்த வித்வானும் வருத்தப்படமாட்டார். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மட்டும் இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். நாலு வீதி கேட்க வாசிப்பதற்காகவே அமைந்த வாத்தியங்கள் அவை. அவற்றுக்கு மைக் வைப்பதை நிறுத்தினாலே போதும்.

கச்சேரி முடிந்து வெளியே வரும் ரசிகர்கள் இப்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் நீங்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வடசேரியிலும் தக்கலையிலும் டீக்கடை வாசலில் முன்பெல்லாம் பாட்டைப் பற்றித்தான் பேச்சு. இன்றைக்கு ஆலாபனை செய்தது பந்துவராளியா, பூர்விகல்யாணியா? சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்தியமம் இரண்டுக்கும் பொது, தைவதம்தான் வேறு. 'சதுஸ்ருதி தைவதம் காதில் விழவில்லையா அண்ணாச்சி' என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் அதே பிடியைப் பாடிக் காட்டுவார். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை எந்த இடத்தில் எடுத்தார், கணக்கு எப்படி என்று ஒருவர் விரல் விட்டு எண்ணுவார். பக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடப் பையனும் அதில் நாலு விஷயம் கற்றுக்கொள்வான். பாட்டு வாத்தியாரிடம் போக வசதியில்லாத பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சுதான் பாடசாலை. இன்றைக்கு அதே வாசலில் கேட்பது, 'வயலின் கேட்டதா?', 'முன்வரிசையில் காது அடைத்துப்போச்சு', 'பின்னால் ஒன்றுமே புரியவில்லை', இவ்வளவுதான். ஒரு தைவதம் எது என்று பிரித்துக் கேட்க முடியாத கச்சேரியைப் பற்றி வேறு என்ன பேச முடியும்?

சொல்லித்தான் ஆக வேண்டும். விளக்கு அலங்காரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் லட்சக்கணக்கில் ஒதுக்குகிறீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஊர் மக்களுக்கு அது சந்தோஷம். ஆனால் கச்சேரி நடக்கும்போதே மண்டபத்துக்கு வெளியே சிங்காரி மேளத்தைத் தொடங்குவது, தனி ஆவர்த்தனம் முடிப்பான மோராவுக்கு வரும் நேரத்தில் நன்கொடையாளருக்குப் பொன்னாடை போர்த்த மேடையேறுவது, வண்டியை எடுக்கச் சொல்லிக் கச்சேரி மைக்கிலேயே அறிவிப்பது, இவை காசு இல்லாததால் நடப்பவை அல்ல. வீதி முழுக்கக் கூம்பு ஒலிபெருக்கி கட்டுவதும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. வீதியில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரும் கச்சேரி கேட்க வந்தவர்கள் இல்லை. மண்டபத்துக்குள் நன்றாகக் கேட்டால் போதும்.

நம் மாவட்டத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. நீலகண்ட சிவன் வாழ்ந்து தமிழில் கீர்த்தனைகள் இயற்றிய பத்மநாபபுரம் நம்முடையது. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், குமாரகோவில் வேளிமலை முருகனும் இங்கிருந்துதான் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதியின் முன் ஒன்பது நாளும் கச்சேரி. முதல் நாள் சங்கராபரணம், ஒன்பதாம் நாள் ஆரபி என்று நாளுக்கொரு ராகம். கைதட்டலே கிடையாது, சபை அசையாமல் கேட்கிறது. நம் ஊர்த் தெய்வத்தின் முன்னிலையில் அங்கே காக்கப்படும் அந்த ஒழுங்கில் கொஞ்சமாவது அதே தெய்வத்தின் சொந்த ஊரில் இருக்க வேண்டாமா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் கர்நாடகக் கச்சேரி என்பதையே எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்த ஊர்களில்கூட விடாமல் நடத்திவருகிறவர்கள் நீங்கள். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. அதனால்தான் உங்களிடமே கேட்கிறோம்.

அடுத்த திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன், கச்சேரி உள்ள ஒவ்வொரு நாளுக்கும் 'மாலை 4 மணி: ஒலிச் சோதனை' என்று ஒரு வரி சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். மைக்செட்டுக்கு விலை பேசும்போது, மிக்சர் மண்டபத்துக்குள் இருக்க வேண்டும் என்பதையும் அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். மைக்செட்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குரலும் வயலினும் மிருதங்கமும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று சொல்ல, காது பழகிய ரசிகர் ஒருவரை ஒவ்வொரு கச்சேரிக்கும் அனுப்பிவைக்கிறோம். அவருக்குச் சம்பளமோ பொன்னாடையோ வேண்டாம். மிக்சருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
பணிவுடன்,
குமரி மாவட்டத்துக் கர்நாடக இசை ரசிகர்கள்