பட்டாம்பூச்சியை விடுங்கள், கால்குலேட்டரை எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொடக்கத்தில் சிறு மாற்றம் இருந்தாலே முடிவு பெரிதாக மாறிவிடும் என்கிற கேயாஸ் கோட்பாடு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பிரேசில் பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சூறாவளி என்பதோடு நின்றுவிட்டது. வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1972-ல் ஓர் உரையில் அதைக் கேள்வியாகத்தான் வைத்தார். சிறகடிப்பு ஒரு சூறாவளியைக் கிளப்பக்கூடும் என்றால், வரவிருந்த ஒன்றைத் தடுக்கவும் கூடும் என்று அதே உரையில் சொன்னார். இதை விட்டுவிட்டால், எதற்கும் விதி கிடையாது என்ற எண்ணமே வாசகரிடம் மிஞ்சும். கேயாஸில் விதி உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளையே அதைப் போட்டுப் பார்க்கலாம்.

0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணை எடுங்கள். 1-லிருந்து அதைக் கழித்து, வருவதை அந்த எண்ணாலேயே பெருக்கி, பிறகு 4-ஆல் பெருக்குங்கள். விடையை மறுபடி இதே விதியில் போடுங்கள். 0.3-ல் தொடங்கினால் 0.84, 0.5376, 0.9943, 0.0225 என்று போகும். 0.301-ல் தொடங்கினால் 0.8416, 0.5332, 0.9956, 0.0176. இதுவரை இரண்டும் ஒட்டியே வருகின்றன. எட்டாம் சுற்றில் ஒன்று 0.45, மற்றது 0.72. பத்தாம் சுற்றில் 0.04, 0.62! அதன்பின் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

இங்கே அச்சுக்காகத்தான் இலக்கங்களைக் குறைத்திருக்கிறோம். கணக்கில் அப்படிக் குறைத்தால் விடை மாறிவிடும். 1961-ல் லோரன்ஸ் கணினியில் ஓட்டிய வானிலை மாதிரியில் நடந்தது அதுதான்: 0.506127 என்பதை 0.506 என்று உள்ளிட்டார், வானிலையே வேறாக வந்தது. இன்னொன்று, பிள்ளைகள் வழக்கமாக 0.5-ல் தொடங்குவார்கள். அடுத்து 1, அதற்கடுத்து 0, கணக்கு அங்கேயே செத்துவிடும். 0.25-ம் ஆகாது, 0.75-ல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பெருக்கும் 4-ஐ மாற்றினால் வேறு காட்சி. 2.8 என்றால் விடை 0.643-ல் நிலைக்கும். 3.2 என்றால் 0.513, 0.799 என மாறி மாறி வரும். 3.5-ல் நான்கு எண்கள் சுழலும். ஏறத்தாழ 3.57-ஐத் தாண்டினால் கேயாஸ், நடுநடுவே ஒழுங்கான இடைவெளிகளும் உண்டு. உயிரினங்களின் எண்ணிக்கை ஏறி இறங்குவதை விளக்க உயிரியல் அறிஞர் ராபர்ட் மே 1976-ல் பிரபலப்படுத்திய சமன்பாடு இது.

செட்டிநாட்டில் வட்டிக்கு வட்டி தெரியாத வீடு இல்லை. அசலில் நூற்றுக்கு ஒன்று தவறினால், முப்பது வருடம் கழித்தும் தொகையில் நூற்றுக்கு ஒன்றுதான் தவறும். அது நேரியல் கணக்கு. மேலே சொன்னதில் எண் தன்னைத்தானே பெருக்குகிறது. அதனால் பிழை சராசரியாகச் சுற்றுக்கு இரு மடங்காகிறது. பத்து மடங்கு துல்லியமாக அளந்தாலும் மூன்று நான்கு சுற்றுதான் கூடுதலாகக் கிடைக்கும். எக்செல் அட்டவணையில் 4-ஆல் பெருக்கும் விதியை ஒரு பத்தியில் போட்டு, அதையே எண்ணின் நான்கு மடங்கிலிருந்து அதன் வர்க்கத்தின் நான்கு மடங்கைக் கழிப்பதாக இன்னொரு பத்தியில் எழுதிப் பாருங்கள். இயற்கணிதத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால் சுமார் ஐம்பதாவது வரிசையில் இரு பத்திகளும் பிரிந்துவிடும். மென்பொருளில் கோளாறு இல்லை. பதினாறாம் இலக்கத்தில் விழும் சிறு தோராயம் அங்கே பூதாகாரமாகிறது.

வானிலைக் கணிப்பு ஏறத்தாழ இரண்டு வாரத்தைத் தாண்ட முடியாததும் இதனால்தான். ஆகவேதான் ஐரோப்பிய நடுத்தரகால வானிலை மையம், தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே நாளுக்கு ஐம்பது கணிப்புகளை ஓட்டுகிறது. அவற்றில் முப்பத்தைந்தில் மழை வந்தால், வாய்ப்பு 70 சதவீதம் என்று தோராயமாகச் சொல்லலாம். ஐப்பசியில் கண்மாய் நிரம்புமா என்று காத்திருக்கும் விவசாயிக்கு, ‘காரைக்குடியில் வியாழன் மழை’ என்ற ஒற்றை வரியைவிட அந்தச் சதவீதம் பயன்படும். மழைச் செய்தியில் அதையும் சேர்த்துப் போடுங்கள். பத்துச் சுற்றுக் கணக்கை மாணவர் பக்கத்தில் ஒரு அட்டவணையாக வெளியிட்டால், மீதியைப் பிள்ளைகளே போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி.