சியோலுக்குப் போகும் மதுமிதாவுக்கு

அன்புள்ள மது,

சியோலில் படிக்க இடம் கிடைத்ததில் வீடே சந்தோஷத்தில் இருக்கிறது. "வடகொரிய எல்லைக்கு டூர் போகலாமா சித்தி?" என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ. பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொள், கேட்பார்கள். எல்லைக்கு அடியில் வடகொரியா தோண்டி, 1978இல் தெற்கு கண்டுபிடித்த சுரங்கத்தில் இறங்கலாம், குன்றின் மேலிருந்து தொலைநோக்கியில் வடக்கைப் பார்க்கலாம். ஆனால் அந்த டூரில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கம்பிவேலியைக் காட்டுகிற அளவுக்கு, அது யாரையெல்லாம் பிரித்துப் போட்டது என்று காட்டுவதில்லை.

எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் இம்ஜின்காக் பூங்காவில் பஸ் நிற்கும். குண்டு துளைத்த பழைய ரயில் எஞ்சின் முன்னால் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். நீ பக்கத்தில் இருக்கும் மாங்பேதான் மேடைக்குப் போ. 1985இல் கட்டியது. கொரியப் போரில் வடக்கிலிருந்து வந்து திரும்ப முடியாமல் போனவர்கள் சூசொக் என்ற அறுவடைப் பண்டிகைக்கும் புத்தாண்டுக்கும் இங்கே படையல் வைத்து, சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து விழுந்து கும்பிடுகிறார்கள். முன்னோர்களின் சமாதி அந்தப் பக்கம் இருக்கிறது.

அப்புறம், ஒரு சனி ஞாயிறு ஒதுக்கி, கிழக்குக் கடற்கரையில் இருக்கும் சொக்சோவுக்குப் போய் வா. சியோலிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் ஆகும். அந்த ஊரே, 1945இல் கொரியாவை இரண்டாகப் பிரித்த 38ஆம் இணைகோட்டுக்கு (அட்சரேகைக்கு) வடக்கே இருப்பது. 1945இலிருந்து போர் வரும்வரை வடக்குத் தரப்பின் கையில் இருந்தது. அங்கே அபாய் கிராமம் என்று ஒரு குடியிருப்பு. வடக்கே ஹம்கியோங் மாகாணத்திலிருந்து போரில் தப்பி வந்தவர்கள், சீக்கிரமே ஊர் திரும்பிவிடலாம் என்று நம்பி, மணல்திட்டில் குடிசை போட்டார்கள். 1953 ஜூலையில் சண்டை நின்றது, வழி மட்டும் திறக்கவில்லை. கால்வாயைக் கடக்க ஒரு தட்டைப் படகு உண்டு. மோட்டார் கிடையாது. குறுக்கே கட்டிய இரும்புக் கம்பியைக் கொக்கியால் பிடித்து இழுத்துத்தான் படகு நகரும். நீயும் ஒரு கை கொடுக்கலாம். அவர்கள் சொந்த ஊரில் சாப்பிட்ட சுண்டேயையும் (பன்றிக்குடலுக்குள் அடைத்து வேகவைப்பது), கணவாய் மீனுக்குள் அடைத்துச் செய்வதையும் வீட்டுக்கு வீடு விற்கிறார்கள். சொக்சோ நகர அருங்காட்சியகத்தில் அந்த அகதி வீடுகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவசரப்படாமல் பார்.

1983இல் தென்கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி, பிரிந்த குடும்பங்களைத் தேட ஒரு நேரலை நிகழ்ச்சி தொடங்கியது. ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி என்று ஆரம்பித்தது 138 நாள் நீடித்தது. 53,536 பேரின் கதைகள் ஒளிபரப்பாகின; 10,189 குடும்பங்கள் சேர்ந்தன. தெற்கிலேயே, ஒருவருக்கொருவர் உயிரோடு இருப்பது தெரியாமல் முப்பது வருஷம் வாழ்ந்தவர்கள்! தொலைக்காட்சி நிலையத்தின் சுவர் முழுக்க காகிதம்: பெயர், ஊர், அப்பா பெயர், எங்கே பிரிந்தோம் என்று. அந்தப் பதிவுகள் இப்போது யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் இருக்கின்றன. பார்க்கும்போது அழாமல் இருக்க என்னால் முடியவில்லை. வடக்கில் இருப்பவர்களோடு அப்படிச் சந்திக்க அரசுகள்தான் மனம் வைக்க வேண்டும். 2018 ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு சந்திப்பும் நடக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் இறந்துவிட்டார்கள்.

இதில் நம் சென்னைக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. போர் முடிந்தபோது வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்று சொன்ன 76 கொரியப் போர்க் கைதிகளை, அங்கே கைதிகளைப் பொறுப்பில் வைத்திருந்த இந்தியப் படை கப்பலில் அழைத்து வந்தது. 1954 பிப்ரவரியில் அவர்கள் இறங்கியது அன்றைய மெட்ராஸ் துறைமுகத்தில். பிறகு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள்.

இன்று தெற்கே வந்து சேர்ந்திருக்கும் வடகொரியர்கள் சுமார் 34,000 பேர், பத்தில் ஏழுக்கு மேல் பெண்கள். சீனாவில் பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் பலர் லாவோஸ், தாய்லாந்து என்று சுற்றித்தான் வந்தார்கள். வந்ததும் ஹனாவோன் என்ற மையத்தில் மூன்று மாதம் வங்கிக் கணக்கிலிருந்து சுரங்க ரயில்வரை கற்றுக்கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகான தனிமைக்குப் பாடம் கிடையாது. 2019இல் சியோலில், அப்படி வந்த ஒரு தாயும் ஆறு வயது மகனும் தங்கள் வீட்டில் இறந்து கிடந்தது வெளியே தெரியவே சுமார் இரண்டு மாதம் ஆனது. இவ்வளவு பணக்கார நகரத்தில் இப்படி நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

உன் வகுப்பிலேயே அப்படி வந்த ஒருவர் இருக்கலாம். பழகு, சேர்ந்து சாப்பிடு. எப்படித் தப்பித்தாய் என்று நீயாகக் கேட்காதே. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள். அவர்களுடைய போட்டோவை எங்கேயும் போடாதே, ஊர்ப் பெயரையும் எழுதாதே. அம்மாவோ தம்பியோ இன்னும் அங்கே இருக்கலாம், தண்டனை அவர்கள் தலையில் விழும்.

சொக்சோ போனதும் எனக்கு விவரமாக எழுது.

அன்புடன்,
சித்தி