பிரசவ வகுப்பில் கணவருக்கும் நாற்காலி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். என் மனைவிக்கு இது எட்டாம் மாதம். பிரசவ வகுப்புக்காக மூன்று இடங்களில் விசாரித்தோம். முதல் இடத்தில் கட்டணத்தை மட்டும் சொன்னார்கள். பாடம் எடுப்பது யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இன்னொரு இடத்தில், "ஆம்பளைங்க வெளியே உட்காருங்க" என்றார்கள். மூன்றாவது இடத்தில் பிரசவ அறையில் பல வருடம் வேலை பார்த்த செவிலியர் ஒருவர் எடுக்கிறார். சரி, இதுதான் என்று சேர்ந்துவிட்டோம்.

முதல் நாளே என் உள்ளங்கையை மனைவியின் அடி முதுகில் வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டினார். "தோளை இறுக்காதேம்மா, மூச்சை மெதுவா விடு" என்று அவளைப் பழக்கினார். சிசேரியன் ஆனால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அப்புறம், தயாராக வைக்க வேண்டிய பை: பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தரும் எண்), பரிசோதனை அட்டை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணி. என் பயம் பாதி அன்றே போய்விட்டது.

காசு கட்ட முடியாத குடும்பங்களுக்கும் இது கிடைக்க வேண்டும். மாதந்தோறும் 9ஆம் தேதி, பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின் கீழ் அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமே. தேதி முன்கூட்டியே தெரிவதால், கூலி வேலைக்குப் போகிறவர்களும் சொல்லிவிட்டு வர முடியும். சுகாதாரத் துறை இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அப்பாவாகப் போகும் ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.