கூட்டமாக வாழும் மீன்களை இரண்டிரண்டாக விற்காதீர்கள்

புதுச்சேரி, கடலூர் வட்டார வண்ணமீன் கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா, சீப்ரா டேனியோ, ரஸ்போரா, டைகர் பார்ப் என உங்கள் கடைகளில் ஜோடிக் கணக்கில் விற்கப்படும் சிறு மீன்களைப் பற்றியே இந்த மடல். இவை அனைத்தும் கூட்டமாக வாழும் இனங்கள். வாஸ்துவுக்கு என்றும் பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்றும் கேட்டு வருபவரிடம் இவற்றில் இரண்டைப் பாலித்தீன் பையில் போட்டு, கூடவே ஒரு கண்ணாடிக் குடுவையையும் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நீங்கள் எல்லோரும் சேர்ந்து கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இம்மீன்களுக்குக் கூட்டமே காவல். கண்ணாலும், உடலின் இருபுறமும் ஓடி நீரின் அசைவை உணரும் பக்கக்கோட்டாலும் அருகிலுள்ள மீனின் நகர்வை அறிந்து அவை ஒருசேரத் திரும்புவதால், துரத்தி வரும் பெரிய மீனுக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் போகிறது. கூட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நியான் டெட்ரா, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும்; இரை தூவினாலும் மேலே வராது; நிறம் வெளுத்து, வெள்ளைப்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும். டைகர் பார்ப் எண்ணிக்கை குறைந்தால் உடனிருக்கும் மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். ஓரினத்தில் ஆறு மீன்களாவது வேண்டும், பத்து இருந்தால் நல்லது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள, ஏறக்குறைய 55 லிட்டர் கொள்ளும் தொட்டி அதற்குப் போதும். (நியானின் நீலக்கோடு இருட்டில் மங்கி, வெளிச்சம் வந்தபின் மெல்லத் திரும்புவது இயல்பு, விடியற்காலையில் அதைப் பார்த்துப் பதறி அழைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.)

தண்ணீரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. அதற்கு முன்பே மீன்களை மொத்தமாக விட்டால் அவை தம் கழிவின் நஞ்சிலேயே சாகின்றன. நம் கரையோரத்தில் இந்த ஆபத்து கூடுதல். பல தெருக்களில் போர் தண்ணீர் தாது உப்புகள் மிகுந்து கடினமாகவும் காரத்தன்மையுடனும் இருக்க, அந்தக் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் வெப்பமும் ஏற ஏற அதே அளவு அம்மோனியா மேலும் கொடிய நஞ்சாகிறது. சித்திரை வெயிலில் புதுத் தொட்டியில் மீன்கள் முதல் வாரத்திலேயே செத்து மிதப்பதற்கும், "நமக்கு மீன் ராசியில்லை" என்று ஒரு குடும்பமே ஒதுங்கிவிடுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அப்போது தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டுப் பஞ்சைக் குழாயடியில் பிழியச் சொல்லும் அறிவுரை மிகத் தவறானது. குழாய் நீரின் குளோரின், வளர்ந்திருக்கும் கொஞ்ச பாக்டீரியாவையும் கொன்றுவிடும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றினால் போதும். ஆர்.ஓ. கேன் தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு என்பதால் அதை மட்டும் ஊற்றச் சொல்லாதீர்கள்.

இப்படியெல்லாம் நிபந்தனை போட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பீர்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆகவேதான் ஒரு கடைக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். முதலில் தொட்டியையும் ஃபில்டரையும் விற்று, பாக்டீரியா வளர்க்கும் முறையையும் சொல்லிக்கொடுத்து, ஒரு மாதம் கழித்து நீரைச் சோதித்தபின் மீன் தருவோம் என்று எல்லாக் கடைகளும் ஒரே குரலில் சொன்னால் யாருக்கும் வியாபாரம் கெடாது. மீன்கள் பிழைத்த வீட்டிலிருந்துதான் செடிக்கும் இரைக்கும் அடுத்த கூட்டத்துக்கும் ஆள் திரும்பி வருவார். இனத்தைத் தேர்வதிலும் வழிகாட்டுங்கள். அமேசான் படுகையைச் சேர்ந்த நியானுக்கு 22 முதல் 26 டிகிரி வரையிலான நீர்தான் ஏற்றது. மே மாதத்தில் நம் வீட்டுத் தொட்டிகள் 30 டிகிரியைத் தாண்டிவிடும். வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் கார்டினலுக்கு மென்னீர் வேண்டும். நம் துணைக்கண்டத்து மீனான சீப்ரா டேனியோ கடின நீரையும் வெப்ப ஏற்ற இறக்கத்தையும் தாங்கும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு அதையே முதலில் காட்டுங்கள்.

கடைசியாக, புயல். 2011 டிசம்பர் 30-இல் தானேவும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சலும் நம்மைத் தாக்கியபோது மின்சாரம் இல்லாமல் தவித்ததை நீங்களும் அறிவீர்கள். ஃபில்டர் நின்றால் சில மணி நேரத்திலேயே பஞ்சிலுள்ள பாக்டீரியா மூச்சுத் திணறிச் சாகத் தொடங்கும்; மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் உள்ளே அழுகிய நீர் தொட்டிக்குள் பாயும். மின்சாரம் இல்லாதபோது இரை போடக் கூடாது என்பதையும், பஞ்சை அலசிய பிறகே ஃபில்டரை ஓட்ட வேண்டும் என்பதையும் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு, ஐப்பசி பிறப்பதற்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கொடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்புகளையும் போதிய அளவு வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் மீன் வாங்கி வளர்க்கும்
மஞ்சக்குப்பம் வாடிக்கையாளர் ஒருவர்