ஏ.பி. வகுப்பு வேறு, ஏ.பி. தேர்வு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வீட்டுக்கு வரும். அந்தச் சமயத்தில் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "உங்க பையன் எத்தனை ஏ.பி. எடுக்கிறான்?" பேரப்பிள்ளைகளுக்காக ஊரிலிருந்தே கவலைப்படும் தாத்தா பாட்டிகளும், சென்னையிலிருந்து அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்களும் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏ.பி. என்கிற அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட், கல்லூரி முதலாண்டுப் பாடத்தைப் பள்ளியிலேயே படிக்கவைக்கும் திட்டம். நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. ஆண்டு முழுக்க வகுப்பு, மே மாதம் முதல் இரண்டு வாரத்தில் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை. இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வகுப்பில் வாங்கும் கிரேடு பள்ளிச் சான்றிதழில் ஏறும். மே மாத மதிப்பெண் அதில் சேராது, தனியாக ஜூலையில்தான் வரும். ஆகவே வகுப்பு எடுப்பது ஒரு முடிவு, தேர்வு எழுதுவது இன்னொரு முடிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பணமும் தூக்கமும் வீணாகின்றன.

பதினொன்றாம் வகுப்பு வரை எழுதும் தேர்வுகளின் மதிப்பெண்ணை மாணவர் விரும்பினால் விண்ணப்பத்தில் தானே குறிப்பிடலாம்; 4, 5 இருந்தால் பலன் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் தேர்வு சேர்க்கைக்குத் துளியும் உதவாது. கல்லூரிகளின் முடிவு மார்ச் இறுதிக்குள் வந்துவிடுகிறது. இடத்தை உறுதிசெய்து முன்பணம் கட்டும் நாள் பெரும்பாலும் மே 1. மதிப்பெண் ஜூலையில். அந்த ஆண்டின் தேர்வுகளுக்கு உள்ள ஒரே பயன் கல்லூரி கிரெடிட்தான், அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியிலேயே படித்ததாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வது. எந்தக் கல்லூரிக்குப் போகப்போகிறோம் என்பது தேர்வுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. எந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கிரெடிட் என்று சொல்லும் அந்தக் கல்லூரியின் ஏ.பி. அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டே தேர்வறைக்குள் போகலாம். பார்ப்பவர் எத்தனை பேர்?

அட்டவணை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கால்டெக் ஏ.பி.க்குக் கிரெடிட்டே தருவதில்லை. டார்ட்மவுத் பத்தாண்டுக்கு மேலாகத் தருவதில்லை. பாடத்தில் ஒரு படி மேலே உட்காரவைக்க மட்டும் பயன்படுத்துகிறது. எம்.ஐ.டி., கால்குலஸ் பிசி-யில் (இரண்டு ஏ.பி. கால்குலஸ் பாடங்களில் பெரியது) 5 வாங்கினால் முதல் கால்குலஸ் பாடத்திலிருந்து விலக்கு தருகிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் பிரிவில் கிரெடிட்டுக்கு 4 அல்லது 5 வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் 3-க்கே அலகு (கிரெடிட்) தருகிறது. இல்லினாயில் 3 வாங்கினாலே அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

இங்கேயும் ஒரு பொறி. அலகு கிடைப்பது வேறு, படிக்கவிருக்கும் துறையின் கட்டாயப் பாடத்திலிருந்து விலக்கு கிடைப்பது வேறு. பொறியியலுக்குப் போகிறவர் பிசிக்ஸ் 1-ல் 5 வாங்கினாலும், அது கால்குலஸ் இல்லாத இயற்பியல் என்பதால், பெரும்பாலான பொறியியல் துறைகள் அதைத் தங்கள் இயற்பியலுக்கு ஈடாக ஏற்பதில்லை. அவர்கள் கேட்பது கால்குலஸோடு சேர்ந்த பிசிக்ஸ் சி. மருத்துவம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: உயிரியல், வேதியியல் முன்பாடங்களுக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் உண்டு. ஏற்றாலும் அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்று எடுத்திருக்க வேண்டும் என்பவையும் உண்டு.

பணம் மிச்சம் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தேர்வுக் கட்டணம் அமெரிக்காவில் 2025-ல் ஒரு பாடத்துக்கு 99 டாலர். புளோரிடா, வட கரோலினா மாநிலங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அரசே கட்டிவிடுகிறது. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு 37 டாலர் தள்ளுபடி உண்டு. பள்ளிக் கவுன்சிலரிடம் (மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி அலுவலர்) கேட்டால்தான் தெரியும், வெட்கப்பட வேண்டாம். எதிர்ப்பக்கம் பாருங்கள்: பல கல்லூரிகளில் ஒரு பருவத்துக்கு 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம். அங்கே ஒன்றிரண்டு பாடம் குறைவதால் ஒரு காசும் குறையாது. ஒரு முழுப் பருவத்தையே தாண்டினால்தான் பணம் மிஞ்சும். கிரெடிட்டுக்குக் கட்டணம் வசூலிக்கும் கல்லூரியில் கணக்கே வேறு. ஒரே பாடம் தேர்வுக் கட்டணத்தைப் பல மடங்கு ஈடுகட்டிவிடும். பணம் குறையாவிட்டாலும், கிரெடிட் அதிகமுள்ளவர்களை முதலில் பாடப்பதிவுக்கு விடும் கல்லூரிகளில் நல்ல நேரத்து வகுப்பு கிடைக்கும்.

'நிறைய எடுத்தால் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) ஏறும்' என்பது பாதி உண்மை. கலிபோர்னியா பல்கலைக்கழகக் கணக்கில் ஏ.பி. போன்ற கடினப் பாடங்களுக்கான கூடுதல் புள்ளி 8 பருவங்களுக்குத்தான், அதாவது ஆண்டு முழுக்க நடக்கும் 4 பாடங்களுக்கு. அதிலும் பத்தாம் வகுப்பில் படித்தவற்றில் 4 பருவத்துக்கு மேல் அந்தப் புள்ளி கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பின் கிரேடுகள் அந்தக் கணக்கிலேயே வராது. அப்படியிருக்க, ஒன்பதில் ஹியூமன் ஜியாகிரபி, பதினொன்றில் ஆறு பாடம் என்று பிள்ளையை அடுக்கிவைப்பது எதற்கு? சேர்க்கை அலுவலர்கள் பார்ப்பது, அந்தப் பள்ளி தருகிற பாடங்களில் மாணவர் எவ்வளவு கடினமானதை எடுத்தார், அதில் என்ன கிரேடு வாங்கினார் என்பதை. ஐந்து ஏ.பி.யில் 'சி' வாங்குவதைவிட மூன்றில் 'ஏ' வாங்குவது மேல் என்பது என் கருத்து. சந்தேகமிருந்தால் உங்கள் பள்ளிக் கவுன்சிலரையே கேளுங்கள்.

தேதிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தடுக்கி விழுவது இங்கேதான். மே மாதத் தேர்வுக்கு நவம்பர் நடுவிலேயே பெயர் கொடுக்க வேண்டும். காலேஜ் போர்டின் கெடு நவம்பர் 15-ஐ ஒட்டி வரும், பள்ளிகள் தங்கள் கெடுவை அதற்கும் முன்பே வைப்பதுண்டு. தவறவிட்டால் பாடத்துக்கு 40 டாலர் தாமதக் கட்டணம். பெயர் கொடுத்துவிட்டு எழுதாமல் போனாலும் 40 டாலர். கல்லூரி முடிவாவதற்கு முன்பே பெயர் கொடுக்க வேண்டியிருப்பதால், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் நவம்பரில் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு, கல்லூரி முடிவானதும் அட்டவணையைப் பார்த்து வேண்டாததை விடலாம். 40 டாலர் போகும். பயனற்ற தேர்வுக்கு மூன்று வாரம் படிப்பதைவிட அது மலிவு. ஆனால் விடுவதற்கு முன் பள்ளியின் கையேட்டைப் படியுங்கள். தேர்வு எழுதாவிட்டால் அந்தப் பாடத்தின் கூடுதல் ஜிபிஏ புள்ளியை எடுத்துவிடும் பள்ளிகள் இருக்கின்றன.

எழுதுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு, உதாரணத்துக்குக் கால்குலஸ் ஏபி-யை (இரண்டு கால்குலஸ் பாடங்களில் சிறியது) எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 3 மணி 15 நிமிடம். 45 கொள்குறி வினா, 6 விரிவான வினா, இரண்டுக்கும் சரிபாதி மதிப்பு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது 2011-லிருந்தே கிடையாது. காலியாக விடுவது வெறும் நஷ்டம். 2025 முதல் வினாக்கள் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் திரையில் வருகின்றன. கால்குலஸ், இயற்பியல், வேதியியல் போன்றவற்றில் விரிவான விடைகளைத் தாளில் கையால்தான் எழுத வேண்டும். திரையைப் பார்த்து வினாவைத் தாளுக்கு மாற்றி எழுதும்போது எண்ணைத் தவறாகப் பார்த்துக்கொள்வது சகஜம். வீட்டில் இரண்டு முறையாவது அப்படியே பழக வேண்டும்.

பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது கடினமான இடத்தில் இல்லை. கால்குலேட்டர் ரேடியனில் இல்லாமல் டிகிரியில் இருக்கும். சைன் வரும் வினா முழுக்கப் போய்விடும். விடையை மூன்று தசம இடம் வரை சரியாகத் தரவேண்டும், நடுவில் 2.7 என்று சுருக்கி அதை வைத்தே தொடர்ந்தால் கடைசி விடை தப்பும். வகைக்கெழுச் சமன்பாட்டில் ஒய்-யை ஒரு பக்கமும் எக்ஸ்-ஐ மறுபக்கமும் பிரிக்காமல் தொகையிட்டால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண்ணே கிடையாது. பிரித்துவிட்டு 'பிளஸ் சி'-யை மறந்தால் பாதியை ஒட்டிப் போய்விடும். வெறும் விடை மட்டும் எழுதினாலும் முழு மதிப்பெண் வராது, வழி தெரிய வேண்டும். நம் ஊர் பிளஸ் டூ கணக்கில் 65 விழுக்காடு என்றால் வீட்டில் இழவு விழுந்ததுபோல் ஆகிவிடும். இங்கே வெளியிடப்பட்ட பழைய தேர்வுகளின் கணக்குப்படி மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி எடுத்தாலே 5 வந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் பிள்ளை ஒரு வினாவில் சிக்கியதும் பதறாமல் அடுத்ததற்குப் போகும்.

5 வாங்கியபின் ஒரு சோதனை. போகிற கல்லூரியின் கணிதத் துறை பழைய இறுதித் தேர்வுத் தாள்களை இணையத்தில் வைத்திருந்தால், ஆகஸ்டில் ஒன்றை எடுத்து, நேரம் வைத்துப் போட்டுப் பார்க்கட்டும். தடுமாறினால் முதல் கால்குலஸை மறுபடி எடுப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. கிரெடிட் இருக்கிறதே என்று நேரே அடுத்த பாடத்தில் உட்கார்ந்து முதல் பருவத்திலேயே 'டி' வாங்கினால், அது அழியாமல் சான்றிதழில் நிற்கும்.

தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்கு இரண்டு வார்த்தை. பள்ளியில் ஏ.பி. இல்லையென்றால் அதற்காக அமெரிக்கக் கல்லூரி யாரையும் தள்ளிவிடாது. சிபிஎஸ்இ, மாநில வாரிய மதிப்பெண்களை அந்தந்தப் பள்ளியின் சூழலில் வைத்தே படிப்பார்கள். பயிற்சி மைய விளம்பரத்தை நம்பிப் பத்துப் பாடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். தனியாக எழுதுவதென்றால், தேர்வு நடத்தும் பள்ளி ஒன்று வெளி மாணவரைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். அது அவர்கள் விருப்பம், ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கேட்க வேண்டும். கட்டணம் 2025-ல் 129 டாலர், பள்ளி வசூலிப்பது தனி. செமினார், ரிசர்ச், கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரின்சிபிள்ஸ் ஆகியவற்றில் ஆண்டு நடுவே செயல்திட்டம் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால் தனியாகப் படிப்பவருக்கு அவை ஒத்துவராது. கணக்கு, இயற்பியல் ஒத்துவரும். ஏ.பி. மொழிப் பாடங்களில் சீனமும் ஜப்பானியமும் லத்தீனும் உண்டு, தமிழ் இல்லை. அதைப் பற்றி வேறொரு கடிதம்தான் எழுத வேண்டும்.

கடைசியாக ஒரு தேதி. ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு மதிப்பெண்களை இலவசமாக அனுப்பலாம், ஜூன் 20-க்குள் பெயரைக் குறித்துவிட்டால். அதற்குப் பிறகு அனுப்பினால் கல்லூரி ஒன்றுக்கு 15 டாலர். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், சேரப்போகும் கல்லூரியின் பெயரையே அதில் போடட்டும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
எடிசன், நியூ ஜெர்சி