கதவு பீடிங்கையும் சர்வீஸ் பட்டியலில் சேருங்கள்

கார் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சர்வீஸ் பட்டியலில் ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் இருக்கிறது. வைப்பர் ரப்பரைக்கூட மறக்காமல் பார்த்து மாற்றச் சொல்கிறீர்கள். கதவைச் சுற்றி ஓடி, மழைநீர் உள்ளே வராமல் தடுக்கும் ரப்பர் பட்டையான பீடிங்கை மட்டும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. கார்ப்பெட் நாறத் தொடங்கிய பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

அதற்குள் காரியம் கெட்டுவிடும். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபோம் குடித்த தண்ணீரை லேசில் விடாது. மேலே தடவினால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், அழுத்தினால் விரலிடுக்கில் ஊறிவரும். பல கார்களில் வயரிங் கனெக்டர்கள் ஓடுவதும் அங்கேதான். தரைத் தகடு துருப்பிடிப்பது தனிக்கதை.

கதவு பீடிங் பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெயிலை நன்றாகத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய்தான் அதற்கு ஆகாது. சாதாரண கிரீஸோ பெட்ரோலியம் ஜெல்லியோ தொடர்ந்து பட்டால் உப்பி, தொளதொளத்து, வடிவம் கெட்டுவிடும். தடவிய அன்றைக்குப் பளபளவென்று இருப்பதால் இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. வாட்டர் வாஷ் முடிந்ததும் உங்கள் ஆட்கள் ரப்பரில் எதைத் தடவுகிறார்கள் என்று ஒருமுறை விசாரியுங்கள். மண் போக ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிகான் கிரீஸை மெல்லிசாகப் பூசினாலே போதும். பெயின்ட் வேலைக்கு வந்த வண்டியில் மட்டும் சிலிகான் கூடாது. பெயின்ட் குழிகுழியாக விலகும் என்று உங்கள் பெயின்டரே சொல்வார்.

பரிசோதனையும் பெரிய வேலை இல்லை. ஒரு தாள் துண்டை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுக்க வேண்டும். தாள் பிடிமானமே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுந்தவில்லை. ரப்பர் தட்டையாகியிருக்கலாம், கதவு கொஞ்சம் இறங்கியும் இருக்கலாம். கீலையோ பூட்டுக் கொக்கியையோ சரிசெய்தால் தீர்கிற விஷயத்துக்குப் புது பீடிங் விற்காதீர்கள்.

இன்னொன்று. தண்ணீர் வந்தாலே பழி பீடிங் மேல் விழுகிறது. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் கொஞ்சம் மழைநீர் இறங்கத்தான் செய்யும்; கதவின் அமைப்பே அப்படி. அந்த நீர் கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியே வெளியேற வேண்டும். அவை மண்ணடைத்தால் நீர் உள்ளேயே தேங்கும், வண்டி ஓடும்போது கதவுக்குள் சளக் சளக் என்று கேட்கும். அப்புறம், கதவின் உள்பக்கப் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாற்றவோ பவர் விண்டோ பார்க்கவோ அதைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒழுங்காக ஒட்டாமல் பலகையை மூடிவிட்டால் நீர் நேராகக் கேபினுக்குள் வரும். இதற்கு எத்தனை பீடிங் மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் வடிகால் குழாய்களையும் பார்க்க வேண்டும்.

இதில் எதையும் பார்க்காமல் கசிகிற இடத்தில் சீலன்ட் பசையைப் பிதுக்கி அப்பி அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பிறகு பீடிங்கைக் கழற்ற வேண்டி வந்தால் அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் பெயின்ட்டும் சேர்ந்து வருகிறது.

மழைக்காலத்துக்கு முன் வரும் சர்வீஸில் பீடிங்குக்கும் வடிகால் ஓட்டைகளுக்கும் ஒரு வரி சேருங்கள். எந்த எண்ணெய் ரப்பரில் படக்கூடாது என்பதைக் கையேட்டிலும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் உரிமையாளர்