சண்டையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்: மதுரையை விளையாட்டாக்கும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரி விடுதி அறைகளிலும் சின்ன ஸ்டுடியோக்களிலும் உட்கார்ந்து, நம் ஊரைக் களமாக வைத்து ஒரு திறந்த உலக வீடியோ விளையாட்டு, அதாவது ஆட்டக்காரர் நினைத்த பக்கமெல்லாம் சுற்றித் திரியக்கூடிய விளையாட்டு, செய்துவிட வேண்டும் என்று உழைக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நீங்கள் வெளியிடும் முன்னோட்டங்களை விடாமல் பார்க்கிறவன் நான். யானைமலை முதுகில் சாயங்கால வெயில் விழுவதையும், மாசி வீதிக் கடை வரிசையையும், வைகை மணலையும் எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறீர்கள். பார்க்கும்போது மனம் நிறைந்துவிடுகிறது.

அப்புறம் நாயகன் சண்டை போடத் தொடங்குகிறான். மூன்று வெட்டு, ஒரு உருளல், மறுபடியும் மூன்று வெட்டு. எதிரியின் தலைக்கு மேலே அவன் உயிரைக் காட்டும் சிவப்புப் பட்டை குறைந்துகொண்டே வந்து தீர்கிறது, ஆள் விழுகிறான். மலை அடிவாரத்திலும் அதே சண்டைதான், புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவிலும் அதேதான், ஆற்று மணலிலும் அதேதான். ஊர் நம் ஊராக இருக்கிறது, சண்டை எந்த ஊருக்கும் சொந்தமில்லாததாக இருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்று எனக்குப் புரிகிறது. மேப்பை, அதாவது விளையாட்டின் நிலப்பரப்பை, ஒரு படம் எடுத்துப் போட்டால் எல்லோருக்கும் பிடித்துவிடும். சண்டையின் அருமை விளையாடுகிறவன் கைக்கு மட்டும்தான் தெரியும். அதனால் வேலையெல்லாம் மேப்பில் போய்விடுகிறது, கடைசி நேரத்தில் இணையக் கடையில் கிடைக்கும் ஆயத்தச் சண்டைத் தொகுப்பு ஒன்றை வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். சண்டையை முதலில் செய்யுங்கள். அதை இந்த மண்ணிலிருந்து எடுத்துச் செய்யுங்கள்.

திறந்த உலகத்தில் சண்டை அமைப்பது மற்ற விளையாட்டுகளைவிடக் கடினம், அதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். ஒரே பாதையில் போகிற விளையாட்டில் ஆட்டக்காரர் எந்தக் கதவு வழியாக வருவார், கையில் என்ன ஆயுதம் இருக்கும், எவ்வளவு பழகியிருப்பார் என்பதெல்லாம் செய்கிறவருக்குத் தெரியும். திறந்த உலகத்தில் எதுவும் தெரியாது. ஒருவர் நேராக அழகர்மலைக்குப் போவார், இன்னொருவர் பல மணி நேரம் ஊருக்குள்ளேயே சுற்றிவிட்டு வருவார். இந்தச் சிக்கலைப் பெரிய நிறுவனங்களே எண்களை வைத்து மூடப் பார்த்திருக்கின்றன. 2006-இல் வந்த ஆப்லிவியன் என்ற விளையாட்டில் நீங்கள் வளர வளர எதிரிகளும் கூடவே வளர்ந்தார்கள். போகப்போக வழிப்பறிக்காரன்கூட விலையுயர்ந்த கவசத்தோடு வந்து நின்றான். வளர்ந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. இதற்கு நேர்மாறான வழியும் உண்டு: எதிரியின் தலைக்கு மேல் அவன் பலத்தைக் காட்டும் ஒரு பெரிய லெவல் எண்ணைப் போட்டுவிடுவது. அவனை எத்தனை முறை வெட்டினாலும் பட்டை நகராது. தேர்ச்சியோ யோசனையோ அங்கே உதவாது, உங்கள் எண் உயரும்வரை வேறு எங்காவது போய் நேரம் கழிக்க வேண்டும்.

2022-இல் வந்த எல்டன் ரிங் இதற்கு ஒரு நல்ல வழி காட்டியது. வெளியுலகத்தில் கால் வைத்த கொஞ்ச நேரத்திலேயே, பொன் கவசம் போட்ட குதிரைவீரன் ஒருவன் எதிரே உலவிக்கொண்டிருப்பான். மோதினால் பெரும்பாலும் சாவீர்கள். ஆனால் அவன் கை ஓங்குவது தெளிவாகத் தெரியும், தப்பி ஓட இடம் இருக்கும், சுற்றிக்கொண்டு போகலாம். சரி, பிறகு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்களே முடிவு செய்வீர்கள். உண்மையிலேயே கெட்டிக்காரர் என்றால் அப்போதே அவனை வீழ்த்தவும் முடியும். அந்த முடிவு ஆட்டக்காரருடையது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2017-இல் வந்த பிரெத் ஆஃப் த வைல்டில் நிலமே சண்டையில் சேர்ந்துகொண்டது. இடி மழையில் இரும்பு ஆயுதம் வைத்திருந்தால் மின்னல் உங்களைத் தேடி வரும். காய்ந்த புல்லில் தீ வைத்தால் பரவும். மழை பெய்தால் பாறையில் ஏறும்போது கை வழுக்கும். இப்போது நம் நிலத்தை நினைத்துப் பாருங்கள். வைகை மணலில் கால் புதையும், ஓடி வந்து அடிக்க முடியாது. மழை பெய்த கண்மாய்க்கரையில் திரும்பினால் சறுக்கும். மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரி விளிம்பில் பின்னால் ஒரு அடி வைக்கவே யோசிக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் இடங்கள்தான் இவை. அவற்றைக் கண்ணுக்கு மட்டும் விட்டுவிடாமல் காலுக்கும் கொடுங்கள்.

கால் என்று சொன்னதும் சிலம்பத்துக்கு வருகிறேன். நான் சின்ன வயதில் ஒத்தக்கடைப் பக்கம் கம்பு பழகியவன். தொடக்கத்தில் வாத்தியார் கையில் கம்பே கொடுக்கவில்லை. காலடிதான் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கால் முன்னே, எந்தப் பக்கம் திரும்ப, எத்தனை அடியில் எதிராளியின் கம்புக்கு எட்டாமல் விலக. அப்புறம்தான் கம்பு. சிலம்பப் போட்டியில் எதிராளியின் உடலில் கம்பு தொட்டால் புள்ளி, ஆளை வீழ்த்த வேண்டியதில்லை. ஆகவே முழு ஆட்டமும் தூரத்தைப் பற்றியது: நான் எட்ட வேண்டும், அவன் எட்டக் கூடாது. உங்கள் விளையாட்டில் எல்லோரும் வைக்கிற அந்த உருளலை எடுத்துவிட்டு, காலடியை ஒரு பட்டனில் வைத்துப் பாருங்கள். உருளும்போது சில ஃப்ரேம்களுக்கு (திரையில் அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்களுக்கு) அடி படாது என்று ஒரு விதி இருக்கும், அதனால்தான் எல்லோரும் உருண்டுகொண்டே இருக்கிறார்கள். காலடியில் அந்த மாயப் பாதுகாப்பு வேண்டாம். விலகினால் தப்பலாம், விலகாவிட்டால் அடி விழும்.

இன்னொன்றும் கம்பிலேயே இருக்கிறது. தடுத்த கம்பு நின்றுவிடுவதில்லை. எதிராளியின் தடுப்பில் பட்டுத் தெறிக்கிற வேகத்திலேயே அது மறுபக்கம் சுற்றி வரும். தெரிந்தவன் அந்த வேகத்தையே அடுத்த அடியாக்கிக்கொள்வான். வாள் விளையாட்டுகளில் தடுக்கப்பட்ட அடி என்றால் வீணான அடி. நம் கம்பில் அது அடுத்த அடிக்கான தொடக்கம். இதைச் சரியாகச் செய்து, மூங்கிலோடு மூங்கில் மோதும் ஓசையையும் சேர்த்து, படும் கணத்தில் ஓரிரு ஃப்ரேம் எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். கையில் கனம் தெரியும்.

அந்தக் கம்பை நம் தெருக்களில் வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் ஒன்றை ஒன்று சூழ்ந்து கிடக்கின்றன. மாசி வீதியில் சித்திரைத் தேரே வரும், நெற்றி உயரக் கம்பைத் தாராளமாகச் சுற்றலாம், பத்துப் பேரை எட்ட நிறுத்தலாம். அதிலிருந்து கிளைக்கும் ஒரு சந்துக்குள் நுழைந்தால் அதே கம்பு சுவரில் இடிக்கும். அங்கே குத்துதான் எடுபடும், இல்லாவிட்டால் கம்பைப் போட்டுவிட்டு, கிட்டத்தில் குத்துவதற்கான மான்கொம்பு ஆயுதத்தை எடுக்க வேண்டும். ஆனால் சந்துக்குள் எதிரிகளும் ஒவ்வொருவராகத்தான் வர முடியும். 2007-இல் வந்த முதல் அசாசின்ஸ் கிரீடில் எதிரிகள் வட்டமாகச் சூழ்ந்து நின்று முறை வைத்துத் தாக்கினார்கள். பல விளையாட்டுகளில் தாக்கும் அனுமதியை உள்ளுக்குள்ளே ஒரு சீட்டுப் போல மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள், அது இல்லாவிட்டால் ஆட்டக்காரர் நசுங்கிவிடுவார். உங்களுக்கு அந்தச் சீட்டைச் சந்தின் அகலமே கொடுக்கும். ஏன் ஒருவன் மட்டும் வருகிறான் என்று ஆட்டக்காரர் கேட்கவே மாட்டார். 18-ஆம் நூற்றாண்டுக் கதை செய்கிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள்: வெளி வீதி இருக்கும் இடத்தில் அப்போது கோட்டை மதிலும் அகழியும் இருந்தன, அவை 1840-களில்தான் இடிக்கப்பட்டன.

அந்தக் காலத்தைச் செய்தால் வளரி, அதாவது வளைந்த எறி ஆயுதம், வந்தே தீரும். அதை எறிந்தால் தானாகக் கைக்குத் திரும்பும் மந்திரப் பொருளாகச் செய்துவிடாதீர்கள். எறிந்தபின் கை வெறுங்கை, போய் எடுக்க வேண்டும் என்றால்தான் எறியலாமா வேண்டாமா என்ற யோசனை வரும். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1801-இல் மருது சகோதரர்களுக்கு எதிராகப் போன படையிலும் அவர் இருந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்டார்கள். இதைப் படித்தபோதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: உங்கள் தலைவரிடமே வித்தை கற்ற எதிரி, உங்கள் எறியின் நேரம் தெரிந்தவன், கடைசிச் சண்டையில் எதிரே நின்றால் எப்படி இருக்கும். அவனுக்குப் பெரிய பட்டை தேவையே இல்லை. இதுவரை நீங்கள் பழகிய எல்லாவற்றையும் அவன் அறிவான், அந்த ஒன்று போதும்.

கொல்லாத சண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்மிடம் இருக்கிறது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் ஒரு காளையை ஒருவர்தான் பிடிக்க வேண்டும், திமிலைத்தான் பிடிக்க வேண்டும், வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. எல்லைக் கோடு வரையோ மூன்று துள்ளலுக்கோ விடாமல் இருந்தால் வெற்றி. சில மாடு கதவு திறந்ததும் பாய்ந்து போய்விடும். சில மாடு நின்று விளையாடும், கிட்ட வருகிறவனை ஒவ்வொருவனாகப் பார்த்துத் திரும்பும். இதில் உயிர்ப்பட்டை எங்கே இருக்கிறது? மாட்டின் சுபாவத்தைப் படிப்பது, நெருங்கும் கணம், பிடியின் உறுதி, விட வேண்டிய நேரம், அவ்வளவுதான். மாடு தோற்றாலும் அடுத்த வருடம் வரும். ஒரு சண்டை இப்படியும் முடியலாம் என்பதை உலகத்தின் பெரிய ஸ்டுடியோக்கள் உங்களிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

சண்டை முடிந்தபின் ஊர் அதை மறக்கக் கூடாது. 2014-இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோரில் உங்களிடம் தப்பியவன் தழும்போடு திரும்பி வந்து பழையதைச் சொல்லிக்காட்டுவான். அந்த ஏற்பாட்டுக்கு வார்னர் பிரதர்ஸ் 2021-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டது, அதனால் அப்படியே எடுத்தாள நினைக்காதீர்கள். 2015-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் 5 வேறு விதம்: நீங்கள் தலையைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டே இருந்தால் எதிரிகள் தலைக்கவசம் போடத் தொடங்குவார்கள். நம் ஊரில் இதைவிட எளிய வழி இருக்கிறது. கண்மாய்க்கரையில் காலையில் ஒருவனை அடித்தால் மத்தியானம் டீக்கடையில் தெரிந்துவிடும். யார் பார்த்தார்கள், யார் யாருக்குச் சொந்தம், யார் இனி உங்களுக்குத் தண்ணீர் தரமாட்டார்கள் என்பதை வையுங்கள். அடிக்கும் முன் ஆட்டக்காரர் சுற்றுமுற்றும் பார்ப்பார்.

இதைச் சொல்லும்போது ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். சினிமா பல வருடமாக மதுரை என்றாலே அரிவாள் என்று காட்டிவிட்டது. அரிவாள் இங்கே வீட்டிலும் காட்டிலும் இருக்கிறது, கருப்பசாமி கையிலும் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் தலை விழும் பொருளாக அதைச் செய்து, நாமும் அந்தப் படத்தையே ஒரு தடவை வரைய வேண்டாம். இன்னொன்று இதைவிடப் பெரியது. இங்கே ஆயுதத்துக்கும் வீரத்துக்கும் சாதிப் பெயரை ஒட்டிவைத்திருக்கிறார்கள். அது வெறும் பேச்சு இல்லை, அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. எதிரிக் கும்பலுக்குப் பெயர், கொடி, கைக்கயிறு நிறம், மீசை என்று எதை வைத்தாலும் அது யாரைச் சுட்டுகிறது என்று பல தடவை பாருங்கள். வெவ்வேறு தெருக்காரர்களிடம் காட்டுங்கள். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

தொழில்நுட்பத்தில் ஒரே ஒரு வார்த்தை. கண் பார்த்துக் கை அசைய ஏறத்தாழ கால் நொடி ஆகும், நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடினால் அது 15 ஃப்ரேம். எதிரி கை ஓங்கும் நேரம் அதைவிடக் குறைந்தால் ஆட்டக்காரர் ஊகித்துத்தான் தப்ப முடியும். நம் பிள்ளைகள் பலர் விளையாடுவது போனில், இரண்டு கட்டைவிரலால், தொடுதிரையின் தாமதத்தோடு. அந்தப் போனை வைத்தே அளந்து பாருங்கள், உங்கள் மேசையில் இருக்கும் நல்ல கணினியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்றால், மேப்பை இப்போதைக்கு மூடி வையுங்கள். சாம்பல் நிறப் பெட்டிகளால் ஒரு அகல வீதி, ஒரு சந்து, கொஞ்சம் மணல். ஒரு கம்பு, ஒரு எதிரி. இதை அரைமணி நேரம் ஒருவர் அலுக்காமல் விளையாடுகிறாரா என்று பாருங்கள், அலுத்தால் மறுபடி செய்யுங்கள். அதன்பிறகு ஒரு சிலம்ப வாத்தியாரைக் கூப்பிடுங்கள். நம் மாவட்டத்தில் அவர்களுக்குக் குறைவில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது, அதற்குப் பிறகு பழகுகிற பெண் பிள்ளைகளும் நிறையக் கண்ணில் படுகிறார்கள். அவர்களையும் கூப்பிடுங்கள். அசைவுகளைப் பதிவு செய்வதற்கு முன்பே கூலி பேசிக் கொடுத்துவிடுங்கள், விளையாட்டில் பெயர் போடுங்கள். விளையாட்டின் கடைசி வரியில் போடாதீர்கள், சண்டை வடிவமைப்பு என்ற தலைப்பின் கீழேயே போடுங்கள்.

அந்தச் சாம்பல் பெட்டி விளையாட்டு தயாரானால் எனக்கும் ஒரு பிரதி கொடுங்கள். எங்கே கை தடுமாறியது, எங்கே கால் ஒத்துழைக்கவில்லை என்று விவரமாக எழுதித் தருகிறேன். என் வாத்தியாரிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தயார் என்கிறார்.

அன்புடன்,
ஒத்தக்கடையிலிருந்து உங்கள் அண்ணன்